நாயும் கல்லும்

“நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை என்பது அதன் கருத்து. ஆயின், மிருக வைத்தியசாலையில் எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றில் நாயையும் கல்லையும் ஒரே இடத்திற் காணும் வாய்ப்பு உண்டு. அடிவயிற்றில், சிறுநீர்ப்பை இருக்கும் இடத்தில், சில வேளை கடலை அளவிலும் சில வேளை கோழிமுட்டை அளவிலும் வெள்ளையாகத் தோன்றும் அக்கல், யாரோ வீதியில் எறிந்த கல்லன்று. அந்த நாயின் உடலே சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டிய கல் அது.

மனிதருக்குக் கல்லடைப்பு வருவதை நாம் அறிவோம். வந்தவர் படும் வேதனையையும் பார்த்திருக்கிறோம். நாய்க்கும் அந்நோய் உண்டென்பதைப் பலர் அறியார். மனிதருக்குப் பெரும்பாலும் சிறுநீரகத்திலே கல் தோன்றுகிறது. நாய்க்கோ பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலே தோன்றுகிறது. வாயில்லாப் பிராணி ஆதலின் அது தன் நோவைச் சொல்ல மாட்டாது. நாமே பார்த்து அறிதல் வேண்டும். அறிந்தபின் செய்யவேண்டியவற்றுட் பெரும்பகுதி, நம் வீட்டுத் தண்ணீர்ச் சட்டியிலும் சோற்றுக் கோப்பையிலுமே இருக்கிறது. ஆதலால் இவ்விஷயத்தைக் குடும்பத்தார் எல்லாரும் அறிந்திருத்தல் நன்று.

கல் உண்டாகும் விதம்

ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைவது எவ்வாறு? கடனீரைப் பாத்திகளில் நிறுத்துகிறார்கள். வெயிலினால் நீர் குறையக் குறைய, கரைந்திருந்த உப்பு இனிக் கரைந்திருக்க இடமின்றிப் பளிங்காக வெளிப்படுகிறது. மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் உப்புக் கரைசலை ஊற்றி வெயிலில் வைத்தால், மாலைக்குள் தட்டின் ஓரத்திற் பளிங்குகள் படிந்திருக்கும்.

சிறுநீர்ப்பையில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. உடலுக்கு வேண்டாத பல உப்புகள் சிறுநீரிற் கரைந்து வெளியேறுகின்றன. நீர் நிறைய இருந்தால் அவை கரைந்தபடியே போய்விடும். நீர் குறைந்து சிறுநீர் செறிவடைந்தாலும், அது நெடுநேரம் பையிலே தங்கினாலும், பளிங்குகள் தோன்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும். இவற்றோடு கிருமித் தொற்றும், பரம்பரையும், உணவும் சேர்ந்து இன்ன வகைக் கல் என்பதைத் தீர்மானிக்கின்றன.

அறிகுறிகள்

நாய் அடிக்கடி குந்துவதும், ஒவ்வொரு முறையும் சில துளிகளே கழிப்பதும் முதல் அறிகுறி. சிறுநீரில் இரத்தம் கலந்து வரலாம். நன்கு பழகிய நாய் திடீரென வீட்டுக்குள்ளே சிறுநீர் கழிக்கலாம். அடிக்கடி தன் குறியை நக்கிக் கொண்டிருக்கலாம். “வயது போய்விட்டது”, “குழப்படி செய்கிறது” என்று அதனை அதட்டுபவரும் அடிப்பவரும் உளர். அடிக்குமுன் ஒருமுறை அதன் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

கிருமித் தொற்று மட்டும் இருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். ஆதலால் கல் உண்டா இல்லையா என்பதை வைத்தியரே சோதித்துச் சொல்ல வேண்டும். சில வகைக் கற்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. அவற்றுக்கு ஸ்கான் பரிசோதனை உதவும். சிறுநீரைக் கொண்டு செல்வதாயின் சுத்தமான போத்தலிற் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தல் நன்று. நேரம் சென்றால் போத்தலுக்குள்ளேயே புதிய பளிங்குகள் தோன்றி, சோதனையின் முடிவு பிழைக்கும்.

காத்திருக்கக் கூடாத வேளை

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடுவன் நாயின் குறியினுள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அவ்வெலும்பின் அடியிலுள்ள ஒடுங்கிய பள்ளத்தின் வழியே செல்கிறது. பையிலிருந்து நழுவி வரும் சிறு கல், அப்பள்ளத்துக்குச் சற்றுப் பின்னே வந்து சிக்கிக் கொள்வதுண்டு. வழி முற்றாக அடைபட்டால் நாய் காலைத் தூக்கி முக்கும். ஒரு துளியும் வராது. வயிறு இறுகும், வாந்தி எடுக்கும், பின்னர் சோர்ந்து படுத்துவிடும்.

வெளியேற வேண்டிய கழிவுகள் அப்போது இரத்தத்திலே தேங்குகின்றன. இரத்தத்திற் பொற்றாசியம் ஏறி இருதயத் துடிப்பைத் தளர்த்துகிறது. சிறுநீர்ப்பை வெடிக்கவும் கூடும். இரண்டு மூன்று நாள்களில் உயிர் போய்விடும். ஆதலின் “விடியட்டும், பார்ப்போம்” என்பது இந்நோயிற் பொருந்தாது. உணவும் தண்ணீரும் கல்லைத் தடுக்கும் வழிகளே. அடைபட்ட வழியைத் திறப்பவை அல்ல. அடைபட்ட நாய்க்கு வற்புறுத்தித் தண்ணீர் பருக்கினால் தீங்கே விளையும். இளநீர் குளிர்ச்சி என்று கருதி அதனைப் பருக்குவோரும் உண்டு. இளநீரிற் பொற்றாசியம் மிகுதி. அடைப்புள்ள நாய்க்கு அது நஞ்சுக்கு ஒப்பாகும். அவ்வேளையிற் செய்யத்தக்கது ஒன்றே: உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதல்.

கல் ஒன்றன்று

கல் என்ற பெயர் ஒன்றாயினும் அதன் பொருள் பலவாகும். 1776இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே, மனிதரின் கல்லை ஆராய்ந்து யூரிக்கமிலத்தைக் கண்டறிந்தார். 1810இல் ஆங்கில அறிஞர் வொலஸ்டன், வேறொரு கல்லிலிருந்து இன்று சிஸ்டீன் எனப்படும் பொருளைக் கண்டார். மருந்து ஒன்றே எல்லாக் கல்லையும் கரைக்கும் என்ற எண்ணம் பிழை என்பதற்கு இவையே போதிய சான்று. நாய்களிடம் முக்கியமாகக் காணப்படும் கற்கள் நான்கு.

முதலாவது ஸ்ட்ரூவைட்டுக் கல். மகனீசியம், அமோனியம், பொசுபேற்று ஆகிய மூன்றும் சேர்ந்தது இது. 1845இல் இக்கனிப்பொருளை முதலில் விவரித்தவர், ஷ்ட்ரூவ என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரைச் சிறப்பித்து இப்பெயரை இட்டார். நாய்களிடம் இது பெரும்பாலும் கிருமித் தொற்றினால் உண்டாகிறது. பெட்டை நாய்களிடம் மிகுதி. சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கிச் சிறுநீரைக் காரமாக்குகின்றன. காரநீரில் இக்கல் விரைந்து வளர்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி யாதெனில், இதனைச் சத்திரசிகிச்சையின்றியே கரைக்க முடியும். புரதமும் பொசுபரசும் மகனீசியமும் அளவோடு குறைக்கப்பட்ட விசேட உணவையும், கிருமிகொல்லி மருந்தையும் சேர்த்துப் பல வாரங்கள் கொடுக்க வேண்டும். கல்லின் உள்ளேயும் கிருமிகள் ஒளிந்திருக்கும் ஆதலால், அறிகுறி மறைந்தவுடன் மருந்தை நிறுத்துதல் கூடாது. விசேட உணவு கொடுக்கும் காலத்தில், பிள்ளைகள் இரக்கப்பட்டு மேசைக்கடியிற் போடும் ஒரு துண்டு மீனும் சிகிச்சையைக் கெடுக்கும். குட்டிகளுக்கும், கருவுற்ற நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் அவ்வுணவு ஏற்றதன்று.

இரண்டாவது கல்சியம் ஒட்சலேற்றுக் கல். ஷீட்சூ, லாசா அப்சோ, யோக்ஷயர் டெரியர், குட்டை ஷ்னவுசர் முதலிய சிறு இன நாய்களிடமும், வயதேறிய கடுவன்களிடமும் மிகுதி. இதனைக் கரைக்கும் உணவோ மருந்தோ இன்றுவரை இல்லை. சிறியதாயின் வைத்தியர் நீர் பாய்ச்சி வெளியேற்றுவார். பெரியதாயின் சத்திரசிகிச்சை வேண்டும். எடுத்தபின்னும் மீண்டும் வரும் இயல்புடையது. ஆதலின் இதற்கு வருமுன் காத்தலே வைத்தியம்.

மூன்றாவது யூறேற்றுக் கல். டல்மேசியன் என்னும் கரும்புள்ளி நாயிடம் இது சிறப்பாகக் காணப்படும். மற்ற நாய்களின் ஈரல், யூரிக்கமிலத்தை எளிதிற் கரையும் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. டல்மேசியனிடம் அம்மாற்றம் செவ்வனே நிகழாதபடி ஒரு பரம்பரைக் குறை உண்டு. அதற்குக் காரணமான மரபணு 2008இல் கண்டறியப்பட்டது. இதற்கு முன்னரே, 1973இல், அமெரிக்க விஞ்ஞானி ரொபேட் ஷைபிள் ஒரு டல்மேசியனைப் பொயின்டர் இன நாயுடன் கலந்து, இக்குறையற்ற சந்ததிக்கு வழிசெய்தார். ஈரலின் இரத்த ஓட்டத்திற் பிறவிக் குறையுள்ள வேறு இன நாய்களுக்கும் இக்கல் வரும்.

நான்காவது சிஸ்டீன் கல். இது அரிது. பெரும்பாலும் விதை நீக்கப்படாத கடுவன்களிடமே காணப்படுகிறது. விதை நீக்கிய பின் சில நாய்களிடம் மீண்டும் வராமல் நின்றுவிடுவதும் உண்டு.

1981இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், மிருக வைத்திய அறிஞர் கார்ல் ஒஸ்போன் கற்களைப் பகுத்தாராயும் நிலையம் ஒன்றை நிறுவினார். அவ்வாண்டு அங்கு வந்த நாய்க் கற்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 ஸ்ட்ரூவைட்டு. ஒட்சலேற்று 5 மட்டுமே. 2007இலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக, நூற்றுக்கு 40 அளவில் நின்றன. முன்னாளிற் பொதுவாக இருந்த கல்லை எண்ணி இன்றைய நாய்க்கு உணவு வகுத்தால் பிழைத்துவிடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. வெளியே எடுத்த கல்லை எறிந்துவிடாது, பகுத்தாராயும் வசதி உண்டா என்று வைத்தியரிடம் கேட்டுக் கொள்க. கல்லின் இனம் தெரிந்தபின்பே உணவு முறை தெளிவாகும்.

தண்ணீர் என்னும் பொது மருந்து

உணவு கல்லுக்குக் கல் வேறுபடும். தண்ணீரோ எல்லாக் கல்லுக்கும் பொது. சிறுநீரை ஐதாக்கி, அடிக்கடி வெளியேறச் செய்வதே அதன் வேலை. தூய நீரின் தன்னீர்ப்பு 1.000 என்று கொண்டால், கல் வந்த நாயின் சிறுநீர் 1.020இற்கு மேற்படாதிருத்தல் நன்று என அமெரிக்க மிருக உள்மருத்துவக் கல்லூரியின் நிபுணர்கள் 2016இற் பரிந்துரைத்தனர். இதனை அளக்கும் சிறு கருவி வைத்தியரிடம் உண்டு. வீட்டில் நமக்குக் கண்ணே கருவி: சிறுநீர் வெளிர் மஞ்சளாயின் நன்று, கடுமஞ்சளாயின் தண்ணீர் போதவில்லை.

பொதுவாக, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை ஒரு நாய்க்கு நீர் தேவைப்படும். 10 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய அரை லீற்றர். உணவிலுள்ள நீரும் இதிற் சேரும். வெப்ப காலத்திலும் ஓடியாடிய பின்னும் இன்னும் வேண்டும். நாம் எதுவும் செய்யாதிருக்கவே அந்நாய் நாள்தோறும் ஒரு லீற்றருக்கு மேற் குடிக்குமாயின், அது நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றின் அறிகுறியாகலாம். வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

குதிரையைக் குளத்துக்குக் கொண்டு போகலாம், குடிக்கச் செய்ய முடியுமா என்று சிலர் கேட்பர். நாயைக் குடிக்கச் செய்ய எளிய வழி, உணவிலேயே நீரைச் சேர்ப்பது. பையில் வரும் உலர்ந்த நாயுணவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே நீர் உண்டு. பேணியில் அடைத்து வரும் ஈர உணவில் முக்காற்பங்குக்கு மேல் நீர். உலர்ந்த உணவைக் கொடுப்போர் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, ஆறியபின் கொடுக்கலாம். முதலிற் சிறிது நீர் விட்டுத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டினால் நாய் பழகிக் கொள்ளும். ஒரு நேர உணவை இரண்டு மூன்றாகப் பகிர்ந்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சிறிது நீர் உட்செல்லும்.

தண்ணீர்ச் சட்டி ஒன்று போதாது. முற்றத்தில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, நாய் படுக்கும் இடத்தில் ஒன்று என வைத்து, நாளுக்கு இருமுறை கழுவி நிரப்புதல் வேண்டும். பாசி பிடித்த சட்டியை நாயும் விரும்பாது. வெயிலிற் கொதித்த தகரப் பாத்திரத்து நீரிலும், நிழலில் வைத்த மண்சட்டி நீர் அதற்கு இனிது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக் கற்பாறை நீர், கடினமானது என்று அஞ்சி நாய்க்கு நீரைக் குறைப்பது தவறு. நீரின் கடினத்திலும் நீரின் குறைவே பெரிய கேடு. தாகம் உண்டாக்குவதற்காக உணவில் உப்பைக் கூட்டுவதும் நன்றன்று. இருதயமும் சிறுநீரகமும் பழுதுற்ற நாய்க்கு அது ஆபத்தாகும்.

நம் வீட்டுச் சோறு

நம் நாட்டு நாய்களிற் பெரும்பாலானவை வீட்டுச் சோற்றிலேயே வளர்கின்றன. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீரே ஆதலால், அவ்வகையில் அது நல்லது. சோற்றோடு எதைச் சேர்க்கிறோம் என்பதிலேயே குணமும் குற்றமும் உள்ளன.

யூறேற்றுக் கல் வந்த நாய்க்கு ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவை ஆகா. நெத்தலி, சூடை, சாளை ஆகிய மீன்களும் ஆகா. இவற்றில் யூரிக்கமிலமாக மாறும் பியூரின் என்னும் பொருள் மிகுதி. மலிவாகக் கிடைக்கும் நெத்தலிக் கருவாட்டை அவித்துச் சோற்றில் இடுவது நம்மிடையே வழக்கம். மற்ற நாய்க்கு அது பெரிதும் தீங்கன்று எனினும் இந்நாய்க்குத் தீங்கு. இறைச்சி அவித்த நீரிலும் பியூரின் இறங்கியிருக்கும். முட்டை, தயிர் ஆகியவற்றிற் பியூரின் குறைவு. இந்நோய்க்குத் தரப்படும் அலோபியூரினோல் மருந்தை, உணவைக் கட்டுப்படுத்தாமற் கொடுத்தால் வேறொரு கல் உண்டாகும். ஆதலின் மருந்தும் உணவும் ஒன்றையொன்று பிரிதலாகாது.

ஒட்சலேற்றுக் கல் வந்த நாய்க்கு முளைக்கீரை, பசளிக்கீரை, வற்றாளைக்கிழங்கு, பீற்றூட், கச்சான் ஆகியவற்றைத் தவிர்க்க. விற்றமின் சி குளிசையும் கூடாது. அது உடலில் ஒட்சலேற்றாக மாறக் கூடியது. கல்லிற் கல்சியம் உண்டென்று எண்ணி உணவிலிருந்து கல்சியத்தை முற்றாக விலக்குவதும் பிழை. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அதனை விலக்கினால் ஒட்சலேற்று இரத்தத்தில் ஏறிச் சிறுநீரைச் சேரும். கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் சொற்படியே ஆகட்டும்.

எந்த நாய்க்கும் கறிக்குழம்பு மிச்சம் நல்லுணவன்று. உப்பும் உறைப்பும் ஒருபுறமிருக்க, வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும் தன்மையன. கறிக்கு அரியுமுன் ஒரு துண்டு மீனையோ கோழியையோ தனியே எடுத்து, வெறுநீரில் அவித்துச் சோற்றோடு பிசைந்து கொடுப்பது பெரிய வேலையன்று. கல்லுக்காக நெடுங்காலம் வீட்டுணவே கொடுப்பதாயின் அதன் அளவுகளை வைத்தியரிடம் எழுதி வாங்குதல் வேண்டும். சோறு மட்டும் நாய்க்குப் போதாது.

சங்கிலியும் சிறுநீரும்

பேசப்படாத காரணம் ஒன்று உளது. மாலையிற் கட்டிய நாயை மறுநாட் காலை வரை அவிழ்க்காத வீடுகள் நம்மிடையே பல. நன்கு பழகிய நாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது. அடக்கிக் கொண்டே கிடக்கும். தண்ணீரை நிறையக் கொடுத்துவிட்டு, அதனை வெளியேற்ற வழி கொடாதிருத்தல் என்ன நியாயம்? பகலில் நான்கு ஆறு மணிக்கு ஒரு முறையும், படுக்கைக்குப் போகுமுன் ஒரு முறையும் அதனை அவிழ்த்துவிட வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இப்பொறுப்பைக் கொடுக்கலாம். சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கவும் பழக்கலாம்.

கைவைத்தியம்

நெருஞ்சில் குடிநீர், வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி ஆகியவற்றை மனிதர் கல்லடைப்புக்குக் குடிப்பது வழக்கம். அதையே நாய்க்கும் கொடுப்பவர் உளர். இவை நாயின் கல்லைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதனிலும் பெரிய தீங்கு, இவற்றை நம்பிக் கழியும் நாள்களே. தேசிப்புளி, வினாகிரி முதலியவற்றைத் தம் எண்ணப்படி ஊற்றிச் சிறுநீரின் புளிப்பை மாற்ற முயல்வதும் தவறு. ஒரு கல் கரைய வேண்டிய நீரின் தன்மையில் மற்றொரு கல் வளரும். ஸ்ட்ரூவைட்டு காரநீரில் வளர்வது. யூறேற்றும் சிஸ்டீனும் புளிப்பு நீரில் வளர்பவை.

கல் போன பின்பு

கல் கரைந்தது என்றோ எடுத்தாயிற்று என்றோ நோய் முடிந்துவிடவில்லை. கல்லை உண்டாக்கிய உடல் அதேதான். வீட்டு வழக்கமும் அதுவாகவே இருந்தால் கல்லும் திரும்பி வரும். வைத்தியர் குறிக்கும் தவணைகளிற் சிறுநீரைச் சோதிப்பித்து, வேண்டிய வேளையிற் படமும் எடுப்பித்தல் நன்று. சிறிய கல்லாக இருக்கும்போதே கண்டால் சத்திரசிகிச்சையின்றி வெளியேற்ற இயலும். அருகில் வசதியில்லாதவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வதுபற்றித் தம் வைத்தியரிடம் ஆலோசிக்கலாம்.

“நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமுமில்லை” என்று நாம் நகைத்துச் சொல்வதுண்டு. அது ஓடித் திரிவதை விட்டு முற்றத்து மூலையிற் குந்தி முக்கும் நாளில், அந்நகைப்பு நமக்கு வராது. இன்று மாலை வாசகர்கள் தத்தம் வீட்டு நாயின் தண்ணீர்ச் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். வற்றியிருந்தால் நிரப்புக; பாசி பிடித்திருந்தால் கழுவுக; நாய் கட்டியிருந்தால் சற்று அவிழ்த்துவிடுக. இம்மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை.